கோச்சிங் போகாமல் ஐஇஎல்டிஎஸ்ஸில் 6.5 வாங்க முடியுமா?

கேள்வி கேட்டவர் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் கடைசி வருட இன்ஜினியரிங் மாணவர். ஏழாம் வகுப்புவரை கன்னட மீடியம், அப்புறம் இங்கிலீஷ் மீடியம், வீட்டில் தமிழ். அயர்லாந்தில் மேல்படிப்புக்குப் போக ஆசை. அவர் பார்த்து வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மொத்தத்தில் 9-க்கு 6.5, எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையாமல் என்று கேட்கின்றன. கையில் நான்கு மாதம் இருக்கிறது. கோச்சிங் சென்டரில் இருபதாயிரம் கேட்கிறார்கள், அப்பா சேரச் சொல்கிறார். "வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது, யாரோடு பேசிப் பழகுவது? ஐஇஎல்டிஎஸ் எழுதுவதா, வேறு தேர்வு எழுதுவதா?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும் தம்பி. ஆனால் அந்த நான்கு மாதத்தை எதில் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நான் அல்சூர் பக்கம் பதினான்கு வருடமாக இந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன், விவேக் நகர், கே.ஜி.எஃப்.பிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர்கள் என்று பாதிப் பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களிடம் நான் பார்க்கும் சிக்கல் கிராமரும் இல்லை, வொகாபுலரியும் இல்லை. ஒரு விஷயத்தை ஒரே மொழியில் ஆரம்பித்து அதே மொழியில் சொல்லி முடித்துப் பழக்கம் இல்லை.

உங்கள் ஒரு நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அம்மாவிடம் தமிழ். ஆட்டோக்காரரிடம் கன்னடம். கல்லூரி வாசலில் "மகா, ரெக்கார்ட் சப்மிட் மாடித்யா?" என்று ஒருவன் கேட்பான், "இல்லடா, டுமாரோ" என்று நீங்கள் சொல்வீர்கள். இரண்டு வரிப் பேச்சில் மூன்று மொழி. ஒரு சொல் கிடைக்காவிட்டால் பக்கத்து மொழியில் கைநீட்டி எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் பிழைக்க இது பெரிய சௌகரியம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேர்வு அறையில் எதிரே ஒரு எக்ஸாமினர் உட்கார்ந்திருப்பார். ஒரு சீட்டைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கச் சொல்லி, இரண்டு நிமிடம்வரை பேசச் சொல்வார். அங்கே கடன் வாங்கப் பக்கத்து வீடு கிடையாது. முப்பதாவது வினாடியில் "தட்ஸ் இட்" என்று நிறுத்திவிடுகிற பிள்ளைகளை எவ்வளவோ பார்த்துவிட்டேன். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. இரண்டு நிமிடம் தொடர்ந்து பேசினதே இல்லை, அவ்வளவுதான்.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் வாரம் நான் கொடுக்கும் வேலை கொஞ்சம் விநோதமாக இருக்கும். ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இரண்டு நிமிடம் பேசச் சொல்வேன். உங்களுக்கு மறக்க முடியாத ஒரு பயணம். தமிழிலேயே ஆரம்பித்துத் தமிழிலேயே முடிக்க வேண்டும். பஸ், ரயில் என்று வருவதெல்லாம் சரி, "பேசிக்கலி", "ஆக்சுவலி", "சோ" எல்லாம் வரக்கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நிமிடம் தாண்டாது. யார், எங்கே, எப்போது என்று மூன்று வரி சொன்னதும் சரக்கு தீர்ந்துவிடும். அப்போதுதான் அவர்களுக்கே புரியும், பேச விஷயத்தை விரிக்கத் தெரியவில்லை என்று. போன இடத்தில் என்ன வாசனை, யார் சண்டை போட்டார்கள், திரும்பி வரும்போது என்ன நினைத்தீர்கள் என்று விரிக்கப் பழகினால் அது எந்த மொழியிலும் கூடவே வரும்.

இப்போது "யாரோடு பேசுவது" என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அம்மாவோடு. நிஜமாகத்தான் சொல்கிறேன். போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு அம்மா கையில் கொடுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் பேசுங்கள். நீங்கள் நிறுத்தும்போதெல்லாம் அம்மா தமிழில் "அப்புறம்?" என்றோ "ஏன்?" என்றோ கேட்டால் போதும். என் மாணவி ஒருத்தியின் பாட்டி இதைத் தினமும் செய்தார். அந்தப் பாட்டிக்கு ஆங்கிலத்தில் எஸ், நோ தவிர ஒன்றும் தெரியாது, ஆனால் பேத்தி திணறுகிறாளா, சும்மா இழுக்கிறாளா என்பது முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதியில் எக்ஸாமினர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். நீங்கள் ஒரு கருத்துச் சொன்னால் ஏன், எப்படி, எல்லோருக்கும் அப்படியா என்று தோண்டுவார். மொத்தப் பேச்சுத் தேர்வே 11 முதல் 14 நிமிடம்தான்.

பேச்சையெல்லாம் போனில் ரெக்கார்ட் செய்து மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் பிழை காதில் விழாது. கேட்கும்போது உச்சரிப்பில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். தமிழில் "எங்கே" என்பதைப் பேச்சில் "யெங்கே" என்போம், "ஒண்ணு" என்பது "வொண்ணு" ஆகும். அதே பழக்கத்தில் எயிட் என்பது யெயிட் ஆகிறது, ஒன்லி என்பது வொன்லி ஆகிறது. பஸ்ஸு, காலேஜு என்று கடைசியில் ஒரு உகரம் ஒட்டுவதும் நம் வழக்கம். இன்னொன்று அழுத்தம். ஃபோட்டோகிராஃப் என்றால் அழுத்தம் முதல் அசையில், ஃபோட்டோகிராஃபர் என்றால் இரண்டாம் அசையில். நாம் எல்லா அசையையும் ஒரே எடையில் சொல்லிக்கொண்டு போவோம், கேட்பவருக்கு எது முக்கியமான சொல் என்று தெரியாது. அதற்காக வெள்ளைக்காரர் மாதிரி வாயைக் கோண வேண்டாம். நம் ஊர் சாயலுக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். சொல்வது சிரமமில்லாமல் புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். டப்ளின் போகாமலே டப்ளின் ஆக்சென்டில் பேசின ஒரு பையன் ஸ்பீக்கிங்கில் 5.5 வாங்கி வந்தான்.

மார்க் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் ஏமாறும் இடம் அது. லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் நான்குக்கும் தனித்தனியாக 9 வரை பேண்ட் என்ற மதிப்பெண் உண்டு, அரை அரையாக ஏறும். நான்கின் சராசரிதான் ஓவர்ஆல். ஒருவருக்கு லிசனிங் 7, ரீடிங் 7, ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 25.5, நான்கால் வகுத்தால் 6.375. பக்கத்து அரைக்குக் கொண்டுபோய் 6.5 என்று போடுவார்கள். வீட்டில் இனிப்பு வாங்கிவிடுவார்கள். ஆனால் ரைட்டிங் 5.5 என்பதால் உங்களுக்கு வேண்டிய அட்மிஷனுக்கு அந்த 6.5 செல்லாது. பெங்களூர்ப் பிள்ளைகள் விழுகிற இடம் பெரும்பாலும் இதுதான், ஓவர்ஆலில் தப்பித்து ரைட்டிங்கில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் உங்கள் நேரத்தில் பாதியை ரைட்டிங்குக்கு ஒதுக்குங்கள். மீதியை மற்ற மூன்றும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

லிசனிங் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 40 கேள்வி, சுமார் 30 நிமிடம், ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். கம்ப்யூட்டரில் எழுதினால் கடைசியில் சரிபார்க்க 2 நிமிடம் மட்டும் கிடைக்கும். நம்மவர்களுக்கு மார்க் போவது புரியாததால் அல்ல, அசட்டையால். "இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்" என்றால் மூன்று சொல் எழுதின விடைக்குச் சைபர். டிக்கெட்ஸ் என்று ஒலித்ததை டிக்கெட் என்று எழுதினால் அதுவும் போச்சு. தேர்ட்டீனா தேர்ட்டியா என்ற குழப்பம் வேறு. பேசுகிறவர் ஒரு தேதியைச் சொல்லிவிட்டு "இல்லை இல்லை, வியாழக்கிழமை" என்று மாற்றுவார், பாதிப் பேர் முதலில் கேட்டதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். ஸ்ரீராமபுரத்திலிருந்து மெட்ரோவில் கல்லூரிக்குப் போகிறவர் என்றால் மெஜஸ்டிக் தாண்டும்வரை ஹெட்போனில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வானொலிப் பேச்சு ஏதாவது கேளுங்கள். சப்டைட்டில் இல்லாமல்.

ரீடிங்கில் 60 நிமிடத்தில் மூன்று நீண்ட பத்திகள், 40 கேள்விகள். விடையை எழுத என்று தனி நேரம் கிடையாது. 40-க்கு 30 சரி என்றால் ஏறக்குறைய 7, 23 சரி என்றால் ஏறக்குறைய 6. இன்ஜினியரிங் படிக்கிற உங்களுக்கு இது வந்துவிடும், ஒரே ஒரு வகைக் கேள்வியைத் தவிர. ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன். இதை ஊர் உதாரணத்திலேயே சொல்கிறேன். பத்தியில் "கப்பன் பார்க் 1870-ல் அமைக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. கேள்வி வாக்கியம் "கப்பன் பார்க் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது" என்றால் ட்ரூ. "1890-ல் அமைக்கப்பட்டது" என்றால் ஃபால்ஸ். "கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம்" என்றால்? அது உண்மை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், போன வாரம்கூடப் போயிருப்போம். ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை, ஆகவே நாட் கிவன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் தப்புச் செய்வார்கள், தெரிந்த விஷயத்தைத் தெரியாத மாதிரி இருக்க அவர்களால் முடியாது. பத்தி மட்டும்தான் உலகம் என்று ஒரு மணி நேரம் இருக்கப் பழகுங்கள். தப்பு விடைக்கு மார்க் பிடிப்பது இல்லை என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள்.

சரி, ரைட்டிங்.

நான் முதல்முறை இந்தத் தேர்வை எழுதினபோது ஒரு கோச்சிங் சென்டரில்தான் படித்தேன். அச்சடித்த ஒரு தாளில் இருபது ஆரம்ப வரிகள் கொடுத்தார்கள். "இன் திஸ் மாடர்ன் எரா ஆஃப் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி" என்று எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற சட்டைகள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, கட்டுரை முழுக்க "மோர்ஓவர்", "ஃபர்தர்மோர்" தூவி எழுதினேன். 5.5 வந்தது. எக்ஸாமினர்கள் ஒரு நாளைக்கு அதே வரியை எத்தனை முறை படிப்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை. மனப்பாட வரி என்று தெரிந்தால் அதற்கு மதிப்பே கொடுக்க மாட்டார்கள். இரண்டாம் முறை அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுதினேன், 7 வந்தது. என் ஆங்கிலம் அந்த மூன்று மாதத்தில் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை.

60 நிமிடத்தில் இரண்டு டாஸ்க். முதலாவது ஒரு வரைபடமோ அட்டவணையோ, குறைந்தது 150 சொல். இரண்டாவது கட்டுரை, குறைந்தது 250 சொல், இதற்கு முதல் டாஸ்க்கைப் போல இரண்டு மடங்கு மதிப்பு. ஆகவே 20 நிமிடம், 40 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் டாஸ்க்கில் பெரிதாக எது கூடியது, எது குறைந்தது என்று மொத்தச் சித்திரத்தை இரண்டு வரியில் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வரி இல்லாமல் ஒவ்வொரு எண்ணாக வாசித்துக்கொண்டு போனால் மார்க் ஏறாது. ஏன் கூடியது என்று காரணம் சொல்லாதீர்கள், படத்தில் இல்லாததை யாரும் கேட்கவில்லை.

கட்டுரையில்தான் நம் தமிழ் மனசு குறுக்கே வரும். நாம் பேசும்போது காரணத்தை முதலில் அடுக்கி முடிவைக் கடைசியில் வைப்போம். "மழை பெய்தது, பஸ் வரவில்லை, போனும் செத்துவிட்டது, அதனால் வர முடியவில்லை." நம் வாக்கியமும் அப்படித்தான், வினை கடைசியில் வந்து உட்காரும். ஆங்கிலப் பத்தி தலைகீழ். முதல் வாக்கியத்திலேயே என்ன சொல்ல வருகிறீர்கள் என்பது வந்துவிட வேண்டும், காரணமும் உதாரணமும் பின்னால். என் பிள்ளைகளின் கட்டுரையை வாங்கினால் முதலில் ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்தைத்தான் பார்ப்பேன். பத்துக்கு ஏழு முறை அதுதான் முதல் வாக்கியமாக இருந்திருக்க வேண்டும். எடுத்து மேலே ஒட்டினால் பத்தியே நிமிர்ந்துவிடும். நீங்களும் உங்கள் பழைய கட்டுரை எதிலாவது இதைச் செய்து பாருங்கள்.

அடுத்தது, கேட்டதற்குப் பதில் சொல்வது. "அரசு பணத்தைச் சாலைக்குச் செலவழிக்கலாமா, ரயிலுக்குச் செலவழிக்கலாமா?" என்று ஒரு கேள்வி கொடுத்தேன். வந்த பன்னிரண்டு கட்டுரையில் ஒன்பது சில்க் போர்டு சிக்னலில் எத்தனை நேரம் நின்றோம் என்ற சோகக் கதை. சில்க் போர்டைப் பற்றி எழுதலாம், அனுபவத்திலிருந்து உதாரணம் தருவதைத் தேர்வே அனுமதிக்கிறது. ஆனால் அது எந்தக் கருத்துக்குச் சாட்சி? பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கலாமா என்று கேட்டால் கர்நாடகத்தில் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணம் இல்லை என்பதை வைத்து எழுதலாம். உங்கள் தெருவில் வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அக்காவுக்கு மாதம் அதனால் என்ன மிச்சம், அதே பஸ்ஸில் நெரிசல் எப்படி ஆனது என்று இரண்டு பக்கமும் உங்களுக்குத் தெரியும். லண்டனைப் பற்றி மனப்பாடம் செய்ததைவிட இது நன்றாக வரும்.

பிழைகளைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் துரத்தாதீர்கள். தமிழிலும் கன்னடத்திலும் "தி" இல்லை, அதனால் அது நம் கையில் வராது, அல்லது எல்லா இடத்திலும் வரும். "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்", "சின்ஸ் த்ரீ இயர்ஸ்", "டிஸ்கஸ் அபவுட்" இந்த மூன்றும் பெங்களூரில் எல்லோரும் சொல்வதால் சரி போலவே ஒலிக்கும். பன்மை எஸ் விட்டுப்போகும். உங்கள் பத்துக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் ஐந்தோ ஆறோதான் இருக்கும். அவற்றை ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டுங்கள், ஒவ்வொரு கட்டுரையிலும் கடைசி நான்கு நிமிடம் அந்த ஐந்தை மட்டும் தேடுங்கள். கம்ப்யூட்டரில் சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரியும், எழுத்துப் பிழையைத் திருத்தித் தராது. ஆகவே வீட்டிலும் ஆட்டோ கரெக்ட்டை அணைத்துவிட்டு டைப் செய்யுங்கள்.

இங்கேதான் உங்களுக்கு இன்னொருவர் வேண்டும். மற்ற மூன்றையும் தனியாகச் சமாளிக்கலாம், எழுதினதை யாராவது திருத்தாமல் ரைட்டிங் நகராது. அப்பா சொல்கிற இருபதாயிரத்தை அப்படியே கோச்சிங்கில் கொட்ட வேண்டாம். கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு திருத்தித் தருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், உங்கள் கல்லூரி ஆங்கில விரிவுரையாளரிடமே கேட்டுப் பாருங்கள். பதினைந்து கட்டுரை ஒரே ஆளிடம் திருத்திக்கொண்டால் போதும். எந்த அளவுகோலில் மார்க் போடுகிறார்கள் என்ற பேண்ட் விவரம் அதிகாரபூர்வ தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, அதையும் அச்செடுத்து அவரிடம் கொடுங்கள். கேம்பிரிட்ஜ் வெளியிடும் உண்மையான வினாத்தாள் தொகுதிகளின் பின்பக்கம் மாதிரி விடைகளும் எக்ஸாமினர் குறிப்பும் இருக்கும். 5 வாங்கின கட்டுரைக்கும் 7 வாங்கின கட்டுரைக்கும் என்ன வித்தியாசம் என்று அதில் படியுங்கள், எந்த வகுப்பும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது. சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் தேடினால் அரை விலைக்குக் கிடைக்கக்கூடும். முன்னால் வைத்திருந்தவர் பென்சிலில் விடை எழுதியிருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள்.

"வெளிநாட்டு அட்மிஷன் எங்களிடம் செய்தால் கோச்சிங் இலவசம்" என்று சொல்லும் ஏஜென்சிகள் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் பலருக்கு வருமானம் பல்கலைக்கழகம் தரும் கமிஷன். கமிஷன் இல்லாத கல்லூரியை அவர்கள் ஏன் உங்களுக்குச் சொல்லப் போகிறார்கள்? இலவச வகுப்புக்குப் போங்கள், பட்டியலை நீங்களே போடுங்கள்.

கோச்சிங்கே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். வீட்டில் இரண்டு ரூமில் ஐந்து பேர், டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது, தனியாக உட்கார்ந்தால் போனைத்தான் எடுப்பேன் என்றால் அந்த நாற்காலிக்காகவே காசு கொடுக்கலாம். அதற்கும் முன்னால் கப்பன் பார்க் மத்திய நூலகத்தை ஒருமுறை பாருங்கள்.

எந்தத் தேர்வு என்ற கேள்வி பெரிதில்லை, ஆனால் அப்பா கேட்பார். நீங்கள் சேரப்போகும் ஐந்தாறு கோர்ஸின் பக்கத்தைத் திறந்து எவற்றை ஏற்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஐஇஎல்டிஎஸ் போன்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வான பிடிஇ-யில் எதிரே மனிதர் கிடையாது, மைக்கில்தான் பேச வேண்டும், பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது தோது. டோஃபல் என்ற தேர்விலும் கம்ப்யூட்டரோடுதான் பேச்சு, 2026 ஜனவரியிலிருந்து அதன் அமைப்பும் மார்க் முறையும் மாறிவிட்டதால் பழைய புத்தகத்தை வைத்துப் படிக்காதீர்கள். டுவோலிங்கோ தேர்வு வீட்டிலேயே எழுதலாம், செலவும் குறைவு, எல்லா இடத்திலும் ஏற்க மாட்டார்கள். ஐஇஎல்டிஎஸ் என்றால் மேல்படிப்புக்கான அகடமிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் ஜெனரல் ட்ரெயினிங் என்பதை அழுத்திப் பணம் கட்டினவர்களை எனக்குத் தெரியும். இவை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். ஜெர்மனியும் யோசனையில் இருந்தால் ஆங்கிலத் தேர்வோடு, நம் படிப்புச் சான்றுகளை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வேண்டும், 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

நான்கு மாதத்தை நான் இப்படிப் பிரிப்பேன். இந்த ஞாயிற்றுக்கிழமையே, எதுவும் படிக்காமல், ஒரு முழுத் தேர்வை நேரம் வைத்து எழுதுங்கள். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் திட்டம் போடுவது வீண். ரைட்டிங்கில் 5 வந்தால் 6 என்பது நான்கு மாதத்தில் எட்டக்கூடியது. 4 வந்தால் தேர்வுப் பயிற்சியை விட்டுவிட்டு இரண்டு மாதம் வெறும் ஆங்கிலம் படியுங்கள், தினமும் ஒரு பக்கம் வாசித்து ஒரு பக்கம் எழுதுங்கள். அப்புறம் வாரத்துக்கு இரண்டு கட்டுரை, தினமும் அம்மாவோடு இரண்டு நிமிடம், பதினைந்து நாளுக்கு ஒரு முழுத் தேர்வு. அதற்கு மேல் மாக் டெஸ்ட் எழுதாதீர்கள். தராசில் அடிக்கடி ஏறி நின்றால் எடை குறையுமா?

தேர்வை மூன்றாம் மாதக் கடைசியில் புக் செய்யுங்கள், நான்காம் மாதத்தில் வேண்டாம். ஒரு பகுதியில் மட்டும் அரை பேண்ட் குறைந்தால் அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி கம்ப்யூட்டர் தேர்வில் உண்டு, முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மறுமதிப்பீடும் கேட்கலாம், மார்க் மாறினால் கட்டிய பணம் திரும்பி வரும்.

கடைசியாக, நம்மவர்களுக்கு மட்டுமே வரும் ஒரு தலைவலி, இனிஷியல். மார்க்ஸ் கார்டில் கார்த்திக் எஸ் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் எஸ் என்பதை விரித்து அப்பா பெயரைச் சர்நேமில் போட்டிருப்பார்கள், அல்லது சர்நேம் காலியாக இருக்கும். இந்தியாவில் இந்தத் தேர்வுக்குப் பாஸ்போர்ட்தான் அடையாள அட்டை. அதில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவு செய்யுங்கள். சர்நேம் காலி என்றால் பணம் கட்டும் முன் மையத்துக்கு போன் செய்து எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று கேளுங்கள். மார்க்ஸ் கார்டோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று பின்னால் பல்கலைக்கழகம் கேட்டால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் ஸ்கோர் ஷீட்டிலும் பாஸ்போர்ட்டிலும் வேறு வேறு பெயர் இருந்தால் சிக்கல் பெரிது. என் மாணவன் ஒருவன் 7.5 வாங்கிவிட்டு இதைச் சரிசெய்ய மூன்று வாரம் அலைந்தான்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் மேலே சொன்ன எதையும் தொடங்கும் முன் அதற்கு விண்ணப்பம் போடுங்கள்.